காமர்ஸ் குரூப்பிலிருந்து வந்து நுண்கணிதம் படிப்பவர்களுக்கு

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்து, வணிகக் கணிதத்துக்குப் பதில் கணினிப் பயன்பாட்டைத் தேர்ந்துகொண்டு, பிறகு பி.ஏ. பொருளியல், பி.காம்., பி.பி.ஏ. என்று சேர்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடை கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போது ‘வணிகக் கணிதம்’ என்றோ ‘பொருளியலுக்கான கணிதம்’ என்றோ ஒரு தாள் எதிரே வந்து நிற்கும். அதற்குள் நுண்கணிதத்தின் (கால்குலஸ்) இரண்டு பகுதிகளான வகையிடலும் (டிஃபரென்ஷியேஷன்) தொகையிடலும் (இன்டெக்ரேஷன்) இருக்கும். சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத நினைப்பவர்களுக்கும் இதே நிலைதான். அதன் கணிதத் தாளிலும் நுண்கணிதத்தின் அடிப்படை உண்டு.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இயற்பியல், பொறியியல் மாணவர்கள் படிக்கும் நுண்கணிதத்தில் பெரும்பகுதி உங்களுக்கு வராது. வருகிற பகுதியும் செலவு, வருவாய், லாபம், விலை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களையே சுற்றி வரும். அப்படியிருந்தும் பலர் இதில் அரியர் வைக்கிறார்கள். அவர்களுடைய விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். வகையிடும் வரி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போதோ, கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகும்போதோ கணக்கு கவிழ்ந்திருக்கும். அதனால் நுண்கணிதத்தைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலையில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

முதலில் சிலபஸ்

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே சிலபஸை வாங்கி, உங்கள் தாளில் நுண்கணிதம் எத்தனை அலகு என்று பாருங்கள். பி.காம். தாள்களில் அணிகள், வட்டி, தள்ளுபடி இவற்றோடு நுண்கணிதம் ஓர் அலகாகவோ இரண்டு அலகாகவோ வரும். பொருளியல் மாணவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாறவிட்டு வகையிடும் பகுதி வகையிடலும் சேர்ந்துகொள்ளும். முக்கோணவியல் சார்புகள் இருக்கின்றனவா என்று தனியாகக் கவனியுங்கள். சைன், காஸ் இல்லை என்றால் அந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அப்புறம் நூலகத்துக்குப் போய்ப் பழைய வினாத்தாள்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு எதுவும் புரியாது, பரவாயில்லை. எந்த மாதிரிக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். கால்குலேட்டர் அனுமதி உண்டா, எந்த வகை என்பதையும் ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தேர்வுக்கு முதல் நாள் கேட்கிற கேள்வி இல்லை அது.

இரண்டு வாரம் இயற்கணிதம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தினம் ஒரு மணி நேரம், இரண்டு வாரம். புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகங்களை எடுத்து இந்த நான்கை மட்டும் கை பழகும்வரை போடுங்கள்: அடுக்குகளின் விதிகள், பின்னங்களைக் கூட்டுவதும் சுருக்குவதும், இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது, நேர்க்கோட்டின் சாய்வு.

இந்த நான்கிலும் அடுக்குகள்தான் அதிகம் காலை வாரும். 1/எக்ஸ் என்பதை எக்ஸ்⁻¹ என்றும், 1/எக்ஸ்² என்பதை எக்ஸ்⁻² என்றும், எக்ஸின் வர்க்கமூலத்தை எக்ஸின் ½ அடுக்கு என்றும் யோசிக்காமல் மாற்றி எழுத வரவேண்டும். காரணம் சொல்கிறேன். 4000/எக்ஸ் என்பதை வகையிடச் சொன்னால், பழக்கமில்லாதவர்கள் வகுத்தல் விதியை எடுத்து அரைப் பக்கம் எழுதுவார்கள். நடுவில் ஒரு குறி தவறும். 4000எக்ஸ்⁻¹ என்று மாற்றி எழுதியவர் அடுக்கை முன்னால் இறக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்து, −4000எக்ஸ்⁻² என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். சராசரிச் செலவுக் கணக்கு வந்தால் இந்த மாதிரி உறுப்பு ஒன்று அதில் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு தவறுகளை இப்போதே விட்டுவிடுங்கள். (எக்ஸ் + 3)² என்பது எக்ஸ்² + 9 ஆகாது. நடுவில் 6எக்ஸ் இருக்கிறது. 1/(எக்ஸ் + 2) என்பதை 1/எக்ஸ் + 1/2 என்று பிரிக்க முடியாது. சந்தேகம் வந்தால் எக்ஸுக்கு 1 போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே விடை வரவில்லை என்றால் அந்த வரி தவறு. தேர்வு அறையிலும் செய்யக்கூடிய, அரை நிமிடச் சோதனை இது.

வகைக்கெழுவை எண்களில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்

பல வகுப்புகளில் எல்லை என்ற கருத்தில் தொடங்கி, இரண்டு வாரம் அதிலேயே ஓட்டி, மாணவர்கள் களைத்துப்போன பிறகு வகைக்கெழுவுக்கு, அதாவது வகையிட்டால் கிடைக்கும் விடைக்கு, வருவார்கள். பாடத்திட்டத்தின் வரிசை அப்படி, ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் மட்டும் வீட்டில் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால், அந்த இரண்டு வாரமும் எதற்கென்று தெரிந்து உட்காரலாம்.

நைட்டி தைக்கும் ஒரு சின்ன யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் எக்ஸ் நைட்டி தைத்தால் ஆகும் மொத்தச் செலவு ரூபாயில் இது:

4000 + 40எக்ஸ் + 0.1எக்ஸ்²

4000 என்பது வாடகை மாதிரி, தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஆகிற செலவு. 40 என்பது ஒரு நைட்டிக்கான துணி, நூல், கூலி. கடைசி உறுப்பு, எண்ணிக்கை கூடக்கூட ஓவர்டைம், மெஷின் ரிப்பேர் என்று ஏறுகிற செலவு.

100 நைட்டிக்கு 4000 + 4000 + 1000, அதாவது 9000 ரூபாய். 101 நைட்டிக்கு 4000 + 4040 + 1020.10, அதாவது 9060.10 ரூபாய். ஆக, நூற்றியோராவது நைட்டிக்குக் கூடுதலாக ஆன செலவு 60.10 ரூபாய். இப்போது சமன்பாட்டை வகையிடுங்கள். 4000 மாறிலி, போய்விடும். 40எக்ஸ் என்பது 40 ஆகும். 0.1எக்ஸ்² என்பது 0.2எக்ஸ் ஆகும். வகைக்கெழு 40 + 0.2எக்ஸ். எக்ஸுக்கு 100 போட்டால் 60 ரூபாய்.

60.10, 60. அந்தப் பத்து பைசா வித்தியாசம் ஏன் வந்தது? நாம் ஒரு முழு நைட்டியாகக் கூட்டினோம். அரை நைட்டி, கால் நைட்டி, நூறில் ஒரு பங்கு நைட்டி என்று கூட்டும் அளவைக் குறைத்துக்கொண்டே போய், நைட்டி ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் விடை 60ஐ நெருங்கிக்கொண்டே வரும். எல்லை என்று வகுப்பில் சொல்வது இந்த நெருங்குதலைத்தான். 60 ரூபாய்தான் 100 நைட்டி தைக்கும் நிலையில் இறுதிநிலைச் செலவு.

இதை உங்கள் கையால், உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள். எக்ஸ் 200 என்று வைத்து இன்னொரு முறை. படித்து ‘புரிகிறது’ என்று தலையாட்டுவது போதாது.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிஒய் பை டிஎக்ஸ் என்று எழுதுவது கணித மேதை லைப்னிஸ் தந்த முறை. 1684இல் அவர் அச்சில் வெளியிட்டார். எஃப்புக்கு வலப்பக்கம் மேலே ஒரு சின்னக் கோடு போட்டு எழுதுவது இன்னொரு கணித மேதையான லாக்ராஞ்சின் வழியில் வந்தது. இரண்டும் ஒன்றையேதான் குறிக்கின்றன. வகுப்பில் ஒன்று, புத்தகத்தில் இன்னொன்று என்று வந்தால் மிரள வேண்டாம்.

விதிகள் கொஞ்சம்தான்

அடுக்கு விதி, கூட்டல் விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி, அதோடு மடக்கைக்கும் (லாக்) அடுக்குக்குறிச் சார்புக்கும் (எக்ஸ்பொனென்ஷியல்) ஒவ்வொன்று. உங்கள் தாளுக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். ஒரே தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டுங்கள்.

மனப்பாடம் செய்வதைவிட, எந்தக் கணக்குக்கு எந்த விதி என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். புத்தகத்திலிருந்து இருபது கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் போடாமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த விதி தேவை என்று மட்டும் எழுதுங்கள். பிறகு எடுத்துக்காட்டுகளைப் பார்த்துச் சரிபாருங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் இதில் கிடைக்கும் தெளிவு அதே விதியை ஐம்பது முறை போட்டாலும் கிடைக்காது.

பெருக்கல் விதியில் பலரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். இரண்டையும் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிடுவார்கள். எக்ஸ் × எக்ஸ் என்பதில் அப்படிச் செய்தால் 1 × 1 = 1 வரும். ஆனால் எக்ஸ்²இன் வகைக்கெழு 2எக்ஸ் என்று நமக்குத் தெரியும். ஆகவே அது தவறான வழி. விதி மறந்துபோகும்போதும் இதை வைத்தே மீட்டெடுக்கலாம்: முதலாவது × இரண்டாவதின் வகைக்கெழு + இரண்டாவது × முதலாவதின் வகைக்கெழு. எக்ஸ் + எக்ஸ், 2எக்ஸ்.

பெருமம், சிறுமம்: மதிப்பெண் இங்கேதான்

பழைய வினாத்தாள்களைப் பார்த்தால் பத்து மதிப்பெண், பதினைந்து மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். சராசரிச் செலவு எப்போது மிகக் குறைவு, லாபம் எப்போது மிக அதிகம் என்ற இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று நினைத்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அதே நைட்டி யூனிட். சராசரிச் செலவு என்பது மொத்தச் செலவை எக்ஸால் வகுத்தது: 4000/எக்ஸ் + 40 + 0.1எக்ஸ். வகையிட்டால் −4000/எக்ஸ்² + 0.1. இதைப் பூஜ்ஜியத்துக்குச் சமமாக்கினால் எக்ஸ்² = 40000, எக்ஸ் = 200. அந்த இடத்தில் மொத்தச் செலவு 16,000. ஒரு நைட்டிக்கு 80 ரூபாய். இறுதிநிலைச் செலவு 40 + 0.2 × 200, அதுவும் 80 ரூபாய்தான். சராசரி மிகக் குறையும் இடத்தில் இரண்டும் சமமாக இருக்கும் என்று பொருளியல் வகுப்பில் வரைபடம் போட்டுக் காட்டுவார்களே, அது இதுதான். ஒரு பேட்ஸ்மேனின் சராசரி 40 என்றால், அடுத்த ஆட்டத்தில் 40க்குக் கீழே அவுட்டானால் சராசரி இறங்கும், மேலே அடித்தால் ஏறும். அதே மாதிரி, அடுத்த நைட்டியின் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும்வரை சராசரி இறங்கிக்கொண்டே வரும். அதைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும்.

இப்போது லாபம். ஒரு நைட்டி 100 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். லாபம் = 100எக்ஸ் − (4000 + 40எக்ஸ் + 0.1எக்ஸ்²). அந்த அடைப்புக்குறியைப் போடாமல் விடுவதுதான் இந்தத் தாளில் நான் அதிகம் பார்க்கிற தவறு. பிரித்தால் 60எக்ஸ் − 0.1எக்ஸ்² − 4000. வகையிட்டால் 60 − 0.2எக்ஸ். பூஜ்ஜியமாக்கினால் எக்ஸ் = 300. லாபம் 30,000 − 25,000, அதாவது 5000 ரூபாய்.

200 நைட்டியோடு நிறுத்தியிருந்தால்? சராசரிச் செலவு மிகக் குறைவுதான், ஆனால் லாபம் 20,000 − 16,000 = 4000 மட்டுமே. 300இல் சராசரிச் செலவு 83 ரூபாய்க்கு மேல் ஏறிவிடுகிறது. ஆனாலும் லாபம் கூடுதல். ஏனென்றால் இருநூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில் ஒவ்வொரு நைட்டியின் கூடுதல் செலவும் 100 ரூபாய்க்குக் கீழேயே இருக்கிறது. கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் அடிக்கோடிடுங்கள்: சராசரிச் செலவா, மொத்தச் செலவா, வருவாயா, லாபமா? பிறகு அதற்கான சமன்பாட்டைத் தனி வரியில் எழுதிவிட்டு வகையிடுங்கள்.

பூஜ்ஜியமாக்கியதோடு நிறுத்தக் கூடாது. இரண்டாம் வகைக்கெழுவையும் எழுதுங்கள். லாபக் கணக்கில் அது −0.2, குறை எண், ஆகவே பெருமம். சராசரிச் செலவில் அது 8000/எக்ஸ்³, மிகை எண், ஆகவே சிறுமம். இந்த ஒரு வரிக்கு மதிப்பெண் உண்டு, சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். நேரமிருந்தால் 299, 301 போட்டுப் பாருங்கள். இரண்டிலும் லாபம் 4999.90 ரூபாய் வரும். பத்து பைசாவாவது குறைந்துவிட்டது பாருங்கள், விடை சரி.

நெகிழ்ச்சி

விலை மாறும்போது விற்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று சொல்வது தேவை நெகிழ்ச்சி. அதைச் சூத்திரமாக மட்டும் பார்த்தால் வறட்சியாக இருக்கும். 1838இல் பிரெஞ்சுக்காரரான கூர்னோ, வகையிடலைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்ட உதாரணம் ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒரு கனிமநீர் ஊற்று இருக்கிறது. வேறு யாரிடமும் அது இல்லை. தண்ணீர் தானாக வருகிறது, உற்பத்திச் செலவு கிடையாது. என்ன விலை வைத்தால் அதிக வருவாய்?

நம் எண்களில் போட்டுப் பார்க்கலாம். விலை பி என்றால் விற்கும் அளவு 60 − 2பி. வருவாய் 60பி − 2பி². வகையிட்டால் 60 − 4பி. விலை 15 ரூபாய், வருவாய் 450. விலை 10 என்றாலும் 20 என்றாலும் வருவாய் 400தான். இப்போது நெகிழ்ச்சி: விலையை அளவால் வகுத்து, அதை அளவின் வகைக்கெழுவால் பெருக்கி, குறியை மாற்ற வேண்டும். இங்கே அளவின் வகைக்கெழு −2. விலை 10இல் நெகிழ்ச்சி 0.5, 15இல் 1, 20இல் 2. ஒன்றுக்குக் கீழே இருக்கும்போது விலையை ஏற்றினால் வருவாய் கூடும், மேலே இருக்கும்போது குறையும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். இந்த மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தவருக்கு அந்த வரி மறக்காது.

தொகையிடல்

வகையிடலின் தலைகீழ் வேலை. 40 + 0.2எக்ஸ் என்ற இறுதிநிலைச் செலவைத் தொகையிட்டால் 40எக்ஸ் + 0.1எக்ஸ்², கூடவே ஒரு மாறிலி. அந்த மாறிலியை எழுத மறப்பது எல்லோரும் செய்வது. நம் யூனிட்டில் அது என்ன? 4000 ரூபாய், நிலையான செலவு. வகையிடும்போது காணாமல் போன அதே 4000. இறுதிநிலைச் செலவை மட்டும் பார்த்தால் வாடகை எவ்வளவு என்று தெரியாது. அதைக் கேள்வியில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். கேள்வியில் ‘நிலையான செலவு’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

வாங்குபவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் உண்மையில் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் நுகர்வோர் உபரி. அந்தக் கணக்கில், தேவைக் கோடு நேர்க்கோடாக இருந்தால் விடையைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. விலை = 50 − 2எக்ஸ், சந்தை விலை 20 என்றால் எக்ஸ் = 15. பூஜ்ஜியத்திலிருந்து 15 வரை தொகையிட்டால் 750 − 225 = 525; அதிலிருந்து 20 × 15 = 300ஐக் கழித்தால் 225. படம் வரைந்து முக்கோணத்தின் பரப்பைப் பாருங்கள்: ½ × 15 × 30, அதுவும் 225. படத்தையும் விடைத்தாளில் போட்டுவிடுங்கள்.

எங்கே படிப்பது

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் வகை நுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதத்துக்கு இரண்டு அத்தியாயங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என் கருத்தில், தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரிக்கு வந்தவர்கள் இரண்டு மொழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அத்தியாயம், கணக்கு எல்லாம் ஒன்றே என்பதால் இறுதிநிலைச் செலவு என்றால் மார்ஜினல் காஸ்ட், வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ் என்று சொற்கள் தாமாகப் பிடிபடும்.

வீடியோ வேண்டுமென்றால் கான் அகாடமி இருக்கிறது. வரைபடம் பார்க்க டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் போனிலேயே ஓடும். நைட்டிக் கணக்கின் சராசரிச் செலவை அதில் போட்டால், 200இல் கோடு இறங்கித் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். படம் பிடித்தால் விடை தரும் செயலிகளை, கணக்கைப் போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

தேர்வு நெருங்கும்போது

பல கல்லூரிகளில் அக மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. முதல் அகத் தேர்வு முடிந்ததும் விடைத்தாளைத் திருப்பித் தருவார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்துவைக்காதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில், வகையிடலில் வந்ததா இயற்கணிதத்தில் வந்ததா என்று எழுதுங்கள். இயற்கணிதம் அதிகம் என்றால் அடுத்த பத்து நாள் எதற்கு என்று தெரிந்துவிட்டது. ஆசிரியரிடம் போகும்போதும் ‘எதுவுமே புரியல சார்’ என்று நிற்காமல், அந்தத் தாளைக் கையில் கொண்டுபோய் இந்த வரியிலிருந்து இந்த வரி எப்படி வந்தது என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் மாணவருக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியர் அபூர்வம்.

கடைசி மூன்று வாரத்தில் பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். விடையின் முடிவில் ரூபாயா, எண்ணிக்கையா என்று அலகை எழுதுங்கள். விடை வராவிட்டாலும் சமன்பாட்டை அமைத்து, வகையிட்டு, எங்கே நின்றதோ அதுவரை எழுதிவையுங்கள். படிகளுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

ஒருவேளை அரியர் விழுந்துவிட்டால், விடைத்தாள் நகல் தரும் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் கட்டி வாங்குங்கள். வழக்கமாக, முடிவு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தேதியைத் தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். நகல் வந்ததும், அகத் தேர்வுத் தாளில் செய்த அதே வேலை: எந்த வரியில் கணக்கு கவிழ்ந்தது என்று சிவப்பு மையால் குறித்துவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.